ஷண்டிங் எஞ்சின் கணக்கு

சென்னை சென்ட்ரலில் ரயிலை விட்டு இறங்கி வாசலுக்குப் போகிறவர்கள் எஞ்சினைத் தாண்டித்தான் போக வேண்டும். தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. எஞ்சினுக்கு முன்னால் முட்டுத்தாங்கி, பின்னால் 24 பெட்டிகள். கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவரும் பிள்ளை அந்த இடத்தில் நின்று கேட்கும்: "இந்த எஞ்சின் இனிமேல் எப்படி வெளியே போகும்?"

விடை பிளாட்பாரத்தின் மறுகோடியில், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கே வேறொரு எஞ்சின் மெதுவாக வந்து கடைசிப் பெட்டியோடு சேரும். காலிப் பெட்டிகளை வந்த வழியே இழுத்துக்கொண்டு பேசின் பிரிட்ஜ் யார்டுக்குப் போகும். கழுவுவது, தண்ணீர் நிரப்புவது, சக்கரம் பார்ப்பது எல்லாம் அங்கேதான். பெட்டிகள் விலகிய பிறகுதான் முட்டில் அகப்பட்ட எஞ்சினுக்கு வழி பிறக்கும்.

பிள்ளைக்கு இந்த விடை போதும். பெரியவர்களுக்கு இங்கிருந்துதான் கேள்வி ஆரம்பிக்கிறது. ரயிலைக் கொண்டுவந்து சேர்த்தது டபிள்யூ.ஏ.பி.-7 வகை மின்சார எஞ்சின் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆற்றல் 6350 குதிரைத்திறன். பெட்டிகளை யார்டுக்கு இழுத்துப் போவதற்கென்றே செய்யப்பட்ட டபிள்யூ.டி.எஸ்.-6 டீசல் எஞ்சினுக்கு 1400 குதிரைத்திறன்தான். அதற்கும் சிறிய டபிள்யூ.டி.எஸ்.-4 எஞ்சினுக்கு 700. இழுக்கப்படும் பெட்டிகள் அதே பெட்டிகள். ஒன்பதில் ஒரு பங்கு ஆற்றலை வைத்துக்கொண்டு அதே ரயிலை எப்படி நகர்த்த முடிகிறது?

பெட்டிகளைக் கோப்பது, கழற்றுவது, ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்கு மாற்றுவது ஆகிய வேலைகளுக்கெல்லாம் சேர்த்து ஷண்டிங் என்று பெயர். அந்த வேலையைச் செய்யும் எஞ்சினின் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒரு ரயிலை ஓட வைப்பது எது, நிற்க வைப்பது எது என்று இரண்டும் தெரிந்துவிடும்.

பஸ் தள்ளியவர்கள் ரயில் பெட்டியும் தள்ளலாம்

நடுவழியில் நின்றுபோன பஸ்ஸை இறங்கித் தள்ளாத தமிழர் குறைவு. 10 டன் பஸ்ஸை ஏழெட்டுப் பேர் சேர்ந்தால் நகர்த்திவிடலாம். ஒரு ரயில் பெட்டி ஆளில்லாமலே 42 டன் வரும். அதையும் சமதளத்தில் ஏழெட்டுப் பேர் தள்ளினால் நகரும். ரயில்வே பணிமனைகளில் இது புதிய செய்தி அல்ல. ஆட்கள் கையால் தள்ளிச் செய்யும் ஷண்டிங் என்றே ஒரு வகை உண்டு.

காரணம் சக்கரத்தில் இருக்கிறது. ரப்பர் டயர் தரையைத் தொடும் இடத்தில் நசுங்குகிறது. உருள உருள அடுத்த பகுதி நசுங்க வேண்டும், நசுங்கிய பகுதி நிமிர வேண்டும். இந்த ஓயாத பிசைதலிலேயே நம் உழைப்பின் பெரும்பகுதி சூடாகி வீணாகிறது. இரும்புத் தண்டவாளத்தின் மேல் இரும்புச் சக்கரம் அப்படி நசுங்குவதில்லை. 5 டன்னுக்கு மேல் சுமக்கும் சக்கரமும் தண்டவாளத்தைத் தொடுகிற இடம் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். உருளும்போது ஏற்படும் இந்தத் தடையை 'உருளல் தடை' என்போம்.

இழுப்பை அளக்க ஒரு கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ வாளியை மேலே தூக்க எவ்வளவு இழுக்க வேண்டுமோ அது 20 கிலோ இழுப்பு. இந்த அளவில் சொன்னால், நல்ல சாலையில் ஒரு டன் பஸ்ஸை உருட்ட 10 கிலோ இழுப்பு தேவை. தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு டன்னுக்கு ஏறக்குறைய 2 கிலோ போதும். நின்றிருப்பதைக் கிளப்பக் கொஞ்சம் கூடுதலாக, 4 கிலோ வேண்டும். ஆக 42 டன் பெட்டியைக் கிளப்ப 170 கிலோ. எட்டுப் பேர் ஆளுக்கு 20 கிலோ சொச்சம் கொடுத்தால் கதை முடிந்தது.

இழுக்கிறவன் காலூன்ற வேண்டும்

கயிறு இழுக்கும் போட்டியில் கைவலிமை மட்டும் ஜெயிப்பதில்லை. கால் வழுக்கினால் எந்தப் பயில்வானும் தோற்றுப்போவான். எஞ்சினுக்கும் அதே நிலைமைதான். சக்கரத்தை எவ்வளவு பலமாகச் சுழற்றினாலும், அது தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டால்தான் ரயில் நகரும். பிடி விட்டால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், தண்டவாளம் தேயும், ரயில் அசையாது.

காய்ந்த தண்டவாளத்தில் இந்தப் பிடிமானம் எஞ்சினின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு. 60 டன் எஞ்சின் 15 டன் இழுக்கும். 120 டன் எஞ்சின் 30 டன் இழுக்கும். உள்ளே இருப்பது 500 குதிரையா 5000 குதிரையா என்பது இந்தக் கணக்கில் வருவதே இல்லை.

இங்கிலாந்து ரயில்வே 1952-க்கும் 1962-க்கும் இடையே 'கிளாஸ் 08' என்று ஒரே அச்சில் 996 ஷண்டிங் எஞ்சின்களைக் கட்டியது. ஒவ்வொன்றும் 50 டன்னை ஒட்டிய எடை, வெறும் 350 குதிரைத்திறன். கிளம்பும்போது அதன் இழுப்பு ஏறக்குறைய 16 டன். நம் நாட்டில் நீண்ட காலம் மெயில் ரயில்களை இழுத்த டபிள்யூ.டி.எம்.-2 டீசல் எஞ்சினுக்கு 113 டன் எடை, 2600 குதிரைத்திறன், கிளம்பும்போது 30 டன் இழுப்பு. ஆற்றல் ஏழு மடங்குக்கு மேல். இழுப்போ இரண்டு மடங்குகூட இல்லை. எடையும் இரண்டு மடங்கை ஒட்டித்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்போது சென்ட்ரலுக்குத் திரும்புவோம். 6350 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினின் எடை 123 டன். 1400 குதிரைத்திறன் கொண்ட டபிள்யூ.டி.எஸ்.-6 எஞ்சினின் எடை 126 டன். ஷண்டிங் எஞ்சின்தான் எடை கூடியது! நாம் 'சின்ன எஞ்சின்' என்று சொல்வது ஆற்றலை வைத்து. தண்டவாளம் எடையை மட்டுமே பார்க்கிறது. இதனால்தான் ஷண்டிங் எஞ்சினை வடிவமைப்பவர்கள் எடையைக் குறைக்கப் பாடுபடுவதில்லை. எடை போதாத எஞ்சினின் அடிச்சட்டத்தில் இரும்புப் பாளங்களை ஏற்றிக் கட்டுவதும் உண்டு. விமானம் கட்டுகிறவர் கேட்டால் தலையில் கை வைத்துக்கொள்வார்.

அப்படியானால் குதிரைத்திறன் எதற்கு?

வேகத்துக்கு. கிணற்றில் கமலை பூட்டி இரண்டு மாடுகள் இறைத்த தண்ணீரையும், பம்புசெட் இறைத்த தண்ணீரையும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் அதே தண்ணீரை அதே உயரத்துக்குத்தான் ஏற்றின. மாடுகள் காலை முழுக்க இறைத்ததை பம்புசெட் சிறிது நேரத்தில் இறைத்துவிட்டது. ஆற்றல் என்பது வேலை எவ்வளவு விரைவாக நடக்கிறது என்பதன் அளவு. 75 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் தூக்கிக்கொண்டே இருந்தால் அது ஒரு குதிரைத்திறன்.

இதற்குள் ஒரு பேரம் ஒளிந்திருக்கிறது. குதிரைத்திறன் மாறாமல் இருக்கும்போது, இழுப்பைக் கூட்டினால் வேகம் குறையும். வேகத்தைக் கூட்டினால் இழுப்பு குறையும். மெயில் எஞ்சின் இரண்டையும் கேட்கிறது, அதனால் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வாங்குகிறது. ஷண்டிங் எஞ்சின் வேகத்தை முழுதாகக் கைவிட்டுவிட்டு இழுப்பை மட்டும் கேட்கிறது. யார்டுக்குள் அதற்கு வேகம் தேவையும் இல்லை, அனுமதியும் இல்லை. இந்திய ரயில்வேயின் பொது விதிகள்படி, தனி உத்தரவு இல்லாவிட்டால் ஷண்டிங் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. வெடிபொருள், பெட்ரோல் போன்றவை ஏற்றிய வண்டிகளுக்கு 8 கிலோமீட்டர்.

ஒரு ரயிலை நகர்த்திப் பார்ப்போம்

கையில் இருப்பதில் சின்னதையே எடுத்துக்கொள்வோம்: டபிள்யூ.டி.எஸ்.-4. மேற்கு வங்காளத்தின் சித்தரஞ்சன் தொழிற்சாலை 1960-களின் பிற்பகுதியிலிருந்து கட்டிய எஞ்சின். மூன்றே அச்சுகள், 60 டன், 700 குதிரைத்திறன். நீராவி எஞ்சினில் இருப்பது போல சக்கரங்களை ஒன்றோடொன்று இணைக்கும் இரும்புத் தண்டுகள் இதன் பக்கவாட்டில் மேலும் கீழும் ஆடும். ஒரு சக்கரம் மட்டும் தனியாக வழுக்கிச் சுழல முடியாதபடி மூன்று அச்சுகளையும் அவை கட்டிப்போடுகின்றன.

இதற்குப் பின்னால் 24 காலிப் பெட்டிகள். பெட்டிக்கு 42 டன் வீதம், மொத்தம் 1000 டன் என்று வைத்துக்கொள்ளலாம். சமதளம், காய்ந்த தண்டவாளம்.

முதல் கேள்வி: கிளம்புமா? டன்னுக்கு 4 கிலோ வீதம், 1000 டன்னைக் கிளப்ப 4 டன் இழுப்பு வேண்டும். எஞ்சின் தன்னையும் நகர்த்திக்கொள்ள இன்னொரு கால் டன். கையிருப்பு 15 டன். கிளம்புகிறது, கிளம்பிய பிறகும் 10 டன்னுக்கு மேல் மிச்சம் இருக்கிறது.

அந்த மிச்சம்தான் வேகத்தை ஏற்றுகிறது. 1060 டன் வண்டித்தொடரை 10 டன்னுக்குச் சற்று மேலான இழுப்பு இழுத்தால், ஒவ்வொரு நொடியும் அதன் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் என்ற கணக்கில் கூடும். முதல் 10 நொடியில் ரயில் நகர்ந்திருப்பது 5 மீட்டர். நடந்துபோகிறவர் அதை முந்திவிடுவார். அரை நிமிடத்தில் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். பயணியாக உள்ளே இருந்தால் பொறுமை இழப்போம். ஆனால் 1000 டன் நகர்ந்துகொண்டிருக்கிறது.

இந்த 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு திருப்பம் நேர்கிறது. அதுவரை எஞ்சினைக் கட்டுப்படுத்தியது எடை. சக்கரம் வழுக்கிவிடக்கூடாது என்பதால் 15 டன்னுக்கு மேல் இழுக்க முடியவில்லை. உள்ளே குதிரைகள் சும்மா இருந்தன. இனிமேல் நிலைமை தலைகீழ். 700 குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே சூடாகிப் போய்விடுகிறது என்று வைத்தால், சக்கரத்துக்கு வந்து சேர்வது 560. அந்த 560-ஐக் கொண்டு 15 டன் இழுப்பை மணிக்கு 10 கிலோமீட்டர் வரைதான் தாங்க முடியும். அதற்குமேல் வேகம் கூடக் கூட இழுப்பு சரிகிறது. 15 கிலோமீட்டர் வேகத்தில் 10 டன். அதுவும் தாராளம்தான். ஆக நின்ற இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் வேகத்தை எட்ட முக்கால் நிமிடம், ஏறக்குறைய 100 மீட்டர் தூரம்.

இதே எஞ்சினை மெயில் ரயிலாக ஓட்டச் சொன்னால் என்ன ஆகும்? பற்சக்கர அமைப்பு இடம் கொடுக்கிறது என்றே வைத்துக்கொண்டு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைக் கணக்கிடுவோம். மிஞ்சும் இழுப்பு 1.5 டன். அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பும் சேர்ந்துகொள்வதால் 1000 டன் ரயிலுக்கு வேண்டியது 4 டன்னுக்கு மேல். நடக்காது. டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சினின் 6350 குதிரைகள் எங்கே செலவாகின்றன என்பதும் இங்கே தெரிகிறது: ரயிலை நகர்த்துவதில் அல்ல, விரைந்து வேகமேற்றுவதிலும் காற்றைக் கிழிப்பதிலும்.

இந்தக் கணக்கில் நான் ஒன்றை எளிமையாக்கிவிட்டேன். 1000 டன்னும் ஒரே நொடியில் கிளம்புவதில்லை. இரண்டு பெட்டிகளுக்கு நடுவிலுள்ள கப்ளிங்கில் கொஞ்சம் தளர்வு இருக்கும். எஞ்சின் நகர்ந்ததும் முதல் பெட்டியின் தளர்வு இறுகும். அது நகர்ந்து இரண்டாவதை இழுக்கும். இப்படியே கடைசி வரை. சரக்கு ரயில் புறப்படும்போது 'டக், டக், டக்' என்று ஓர் ஓசை எஞ்சினிலிருந்து கடைசி வேகன் வரை ஓடுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்தத் தளர்வு இறுகும் ஓசைதான் அது. சக்கர அச்சுகளில் உருளைத் தாங்கிகள் வராத காலத்தில், கிளம்பும்போது தடை இன்னும் கடுமையாக இருந்தது. அன்றைய டிரைவர்கள் முதலில் எஞ்சினைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளித் தளர்வைச் சேர்த்துக்கொள்வார்கள். பிறகு முன்னால் இழுத்து வேகன்களை ஒவ்வொன்றாக எழுப்புவார்கள். ஒரு கட்டு விறகை முறிக்கத் தெரிந்தவர் செய்வதும் இதைத்தான்.

எண்ணெயால் ஒரு கை

டீசல் இயந்திரத்துக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுழன்றுகொண்டிருந்தால்தான் அதனால் வேலை செய்ய முடியும். நின்றிருக்கும் சக்கரத்தோடு நேராக இணைத்தால் அதுவும் நின்றுபோகும். காரில் இதற்குக் கிளட்ச் இருக்கிறது. 1000 டன் ரயிலைக் காரின் கிளட்சை நம்பிக் கிளப்பினால் ஒரே நாளில் எரிந்து கருகிவிடும்.

பெரும்பாலான டீசல் எஞ்சின்கள் மின்சாரத்தை நடுவில் வைக்கின்றன: டீசல், ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது, ஜெனரேட்டர் தரும் மின்சாரம் சக்கரத்திலுள்ள மோட்டாரைச் சுழற்றுகிறது. டபிள்யூ.டி.எஸ்.-6 அந்த வகை. நம் கணக்கிலுள்ள டபிள்யூ.டி.எஸ்.-4 எண்ணெயை நடுவில் வைக்கிறது.

இரண்டு மின்விசிறிகளை எதிரெதிராக வைத்து ஒன்றை மட்டும் ஓட விடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் மெல்லச் சுழலும். நடுவில் எந்த இணைப்பும் இல்லை. இரண்டாவது விசிறியைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் முதலாவது நிற்காது. காற்றுக்குப் பதில் எண்ணெய், விசிறிகளுக்குப் பதில் ஒரு கூட்டுக்குள் நெருங்கி அமைந்த இறகுச் சக்கரங்கள், நடுவில் எண்ணெயின் ஓட்டத்தைத் திருப்பிவிடும் நிலையான இறகுகள். இவை சேர்ந்தால், சக்கரம் நின்றிருக்கும் நிலையிலும் டீசல் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் முறுக்கும் பல மடங்கு பெருகி வெளியே வரும். இதை 'முறுக்குப் பெருக்கி' என்று சொல்லலாம். 1905-இல் ஜெர்மன் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்தது இது.

இதன் குறை, வேகம் கூடும்போது எண்ணெயில் சூடாக வீணாகும் பங்கு. கிளம்பும்போது எண்ணெய் வழியாகவும், வேகம் வந்ததும் நேரடிப் பற்சக்கரம் வழியாகவும் ஆற்றலை அனுப்பினால் என்ன என்று யோசித்தவர் இந்திய ரயில்வேப் பொறியாளர் மன்மோகன் சூரி. அவர் பெயராலேயே 'சூரி டிரான்ஸ்மிஷன்' என்று அழைக்கப்படும் அந்த அமைப்பு அவருக்குப் பட்நாகர் விருதைப் பெற்றுத்தந்தது. நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் அவர் பெயரைக் காணோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

தூறல் விழுந்தால்

நம் எஞ்சினிடம் 15 டன் இழுப்பு இருந்தது, தேவை 4 டன்தான். ஏன் இவ்வளவு கையிருப்பு? தூறல் விழும் ஒரு காலை வேளையில் காரணம் தெரியும்.

கொட்டும் மழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். தூறல் அப்படிச் செய்யாது. தண்டவாளத்தின் மேல் படிந்திருக்கும் துரு, எண்ணெய், தூசியோடு கலந்து ஒரு மெல்லிய குழம்பை உண்டாக்கும். பிடிமானம் எடையில் கால் பங்கிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிடலாம். 60 டன் எஞ்சினுக்கு இப்போது 6 டன்தான் கையிருப்பு. சமதளம் என்றால் இன்னமும் சமாளிக்கலாம்.

பாதை 400 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது சரிவாகவே தெரியாது. 1000 டன்னில் நானூறில் ஒரு பங்கு, அதாவது 2.5 டன், பின்னோக்கி இழுக்கும். கிளப்ப வேண்டிய 4 டன்னோடு சேர்த்தால் 6.5 டன். கையில் 6. எஞ்சின் நின்ற இடத்தில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு முனகும். அப்போதுதான் டிரைவர் மணலைத் திறந்துவிடுகிறார். எஞ்சினில் மணற்பெட்டிகள் உண்டு. குழாய் வழியே உலர்ந்த மணல் சக்கரத்துக்கு முன்னால் விழுகிறது. அரைபட்ட மணல் பிடிமானத்தை மீட்டுத் தருகிறது. கோடிக்கணக்கில் செலவான இயந்திரத்தை ஒரு கைப்பிடி மணல் காப்பாற்றும் காட்சி, எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இதே நானூறுக்கு ஒன்று சரிவில் இறங்குமுகமாக ஒரு வேகன் நின்றால்? சரிவு அதை டன்னுக்கு 2.5 கிலோ வீதம் இழுக்கிறது. உருளத் தொடங்கிவிட்டால் தடை டன்னுக்கு 2 கிலோதான். யாரோ ஒருமுறை இடித்துவிட்டால் போதும், வேகன் தானாக ஓடும், ஓடஓட வேகம் கூடும். அதனால்தான் ஸ்டேஷன் யார்டுகளில் 1200 மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் சரிவு வைக்காமலிருப்பது நல்லது என்று விதி சொல்கிறது. அதற்குமேல் சக்கரத்தடியில் மரக்கட்டை, கை பிரேக், சங்கிலி என்று காவல்கள் உண்டு.

2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவின் கதுவா ஸ்டேஷனில் நின்றிருந்த, ஜல்லி ஏற்றிய 53 வேகன் கொண்ட சரக்கு ரயில் ஒன்று டிரைவர் இல்லாமலே உருளத் தொடங்கியது. பஞ்சாப் பக்கம் இறங்கும் பாதையில் 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, உச்சி பஸ்ஸி என்ற ஸ்டேஷன் அருகே, தண்டவாளத்தில் அடுக்கிய மரக்கட்டைகளும் மணல் மூட்டைகளும் தடுத்த பிறகே நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. எட்டுப் பேர் ஒரு பெட்டியைத் தள்ள முடிகிறது என்று மகிழ்ந்தோமே, அந்தச் சலுகையின் மறுபக்கம் இது.

சரிவை வேண்டுமென்றே கட்டி வேலை வாங்கும் யார்டுகளும் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் முகல்சராய் யார்டில் அப்படியொரு செயற்கை மேடு இருந்தது. ஷண்டிங் எஞ்சின் வேகன்களை மெல்ல மேட்டின் உச்சிக்குத் தள்ளும். உச்சியில் கழற்றிவிட்டால் அவை தாமாக இறங்கி, தண்டவாளம் பிரியும் இடங்களிலுள்ள பாயிண்ட்கள் திருப்பிவிடும் பாதைகளில் போய்ச் சேரும். 1980-களில் ஒரே சரக்கை ஒரே இடத்துக்கு முழு ரயிலாக அனுப்பும் முறைக்கு இந்திய ரயில்வே மாறிய பிறகு, வேகன்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுக்கும் தேவை சுருங்கியது. பயணிகள் பெட்டிகளுக்கான ஷண்டிங் மட்டும் அப்படியே நிற்கிறது.

கிளப்புவதைவிட நிறுத்துவது கடினம்

யார்டில் பெட்டிகளைக் கொஞ்சம் இப்படியும் அப்படியும் நகர்த்தும்போது ஒவ்வொரு முறையும் எல்லாப் பெட்டிகளின் பிரேக் குழாய்களையும் இணைத்துக் காற்றேற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அப்போது 1000 டன்னையும் நிறுத்த வேண்டியது எஞ்சினின் பிரேக் மட்டும்தான்.

அதே கணக்கு, இம்முறை திரும்பி நிற்கிறது. எஞ்சினின் எடை 60 டன். பாதுகாப்பாக எதிர்பார்க்கக்கூடிய பிரேக் பிடி 9 டன் என்று வைப்போம். மணிக்கு 15 கிலோமீட்டரில் வரும் 1060 டன்னை இந்தப் பிடியால் நிறுத்த 80-லிருந்து 100 மீட்டர் தேவை, நான்கு பெட்டிகளின் நீளம். 30 கிலோமீட்டரில் வந்தால் தூரம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். 15 கிலோமீட்டர் என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம்.

இடிக்கும்போதும் இதே நியாயம்தான். எஞ்சின் பெட்டியோடு சேரும் வேகம் 2 கிலோமீட்டர் என்பது 4 ஆனால் இடியின் ஆற்றல் நான்கு மடங்கு. இரவு ரயிலில் எஞ்சின் மாற்றும்போது மேல் பெர்த்தில் தூங்குகிறவருக்கு விழிப்பு வந்ததா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கடைசி ஒரு மீட்டரில் டிரைவரின் கை. மெயில் ரயிலை 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறவரைப் பற்றி நாம் வியப்போடு பேசுகிறோம். நின்றுவிடாத அளவுக்கு வேகமாகவும், இடித்துவிடாத அளவுக்கு மெதுவாகவும், பின்னால் 1000 டன்னை வைத்துக்கொண்டு நகர்வது அதற்குக் குறைந்த வித்தை அல்ல என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு பஃபர்களுக்கு நடுவே

டிரைவருக்குப் பெரும்பாலும் தன் ரயிலின் மறுகோடி தெரியாது. அவருடைய கண் தரையில் நிற்கிறது. அந்தக் கண்தான் பாயிண்ட்ஸ்மேன், அல்லது ஷண்டிங் மாஸ்டர். பகலில் பச்சை, சிவப்புக் கொடிகள், இரவில் கைவிளக்கு. பச்சையை மேலும் கீழுமாக மெல்ல அசைத்தால், என்னை விட்டு விலகிப் போ. உடலின் குறுக்கே பக்கவாட்டில் அசைத்தால், என்னை நோக்கி வா. சிவப்பு, நில். இப்போது பல யார்டுகளில் வாக்கி டாக்கியும் கையில் இருக்கிறது.

எஞ்சின் வந்து சேர்ந்ததும் அவர் குனிந்து இரண்டு வண்டிகளுக்கு நடுவே போகிறார். கப்ளிங்கை மாட்ட, காற்றுக் குழாயை இணைக்க, சில வகைப் பெட்டிகளில் திருகை இறுக்க. அந்த சில நிமிடங்களுக்கு அவருடைய முதுகுக்குப் பின்னால் ஒரு பஃபர் என்ற இடிதாங்கி, நெஞ்சுக்கு முன்னால் ஒரு பஃபர். 4 கிலோ இழுப்பில் ஒரு டன் நகரும் என்று எழுதினேனே, அந்த எளிமை முழுதும் அவர் உடம்புக்கு எதிராக நிற்கும் நேரம் அது. 2024 நவம்பரில் பீகாரின் பரௌனி சந்திப்பில், கப்ளிங் வேலையில் இருந்த ரயில்வே ஊழியர் ஒருவர் எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவே சிக்கி இறந்தார். நடுவே போகாமலே தானாகக் கோத்துக்கொண்டு, காற்றுக் குழாயையும் மின்கம்பியையும் தானே இணைத்துக்கொள்ளும் கப்ளிங்குகள் உலகில் இருக்கின்றன. மெட்ரோ ரயில்களில் அவை ஓடுகின்றன. எல்லாப் பெட்டிகளுக்கும் அவற்றைக் கொண்டுவரும் செலவைப் பற்றிப் பேசும்போதெல்லாம், அந்த இடைவெளிக்குள் குனிகிறவரை முன்னால் நிறுத்திவிட்டுப் பேச வேண்டும்.

சென்ட்ரலின் மறுகோடியில் இப்போது எஞ்சின் வந்துகொண்டிருக்கிறது. இன்னும் சில மீட்டர். பாயிண்ட்ஸ்மேன் இரண்டு கொடிகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, அருகே கொண்டுவந்து, விலக்கி, மறுபடி அருகே கொண்டுவருகிறார். கோக்கப் போகிறோம், மெல்ல வா என்று பொருள். எஞ்சின் ஊர்கிறது. 'டக்.' சிவப்பைக் காட்டுகிறார். எஞ்சின் நின்றுவிட்டது என்று உறுதியான பிறகு குனிந்து உள்ளே போகிறார். காற்றுக் குழாய் இணைந்து, அடைப்பானைத் திறந்ததும் 'ஸ்ஸ்' என்ற ஒலி பெட்டிக்குப் பெட்டி தாவி, அரைக் கிலோமீட்டர் தூரம் ஓடுகிறது. அவர் வெளியே வந்து, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு, பச்சையை அசைக்கிறார். முதல் 10 நொடியில் 5 மீட்டர்.

கடைசிப் பெட்டியும் பிளாட்பாரத்தை விட்டு விலகியதும், முட்டுத்தாங்கிக்கு முன்னால் தனியாக நிற்கும் பெரிய எஞ்சினுக்கு எதிரே தண்டவாளம் காலியாகத் தெரிகிறது.